நாற்பது பேருக்கு ஒரு நம்பர்

அரசு ஆஸ்பத்திரியில் ஒரு கம்ப்யூட்டரைக் கொண்டுபோய் வைக்க அரை நாள் போதும்; அதனால் ஒரு நோயாளிக்காவது உபயோகம் உண்டாக்குவதற்குத்தான் ஆயுசு போதவில்லை.

உங்கள் ஆபீஸிலும் என்றைக்காவது ஒரு புது சாஃப்ட்வேர் வந்திருக்கும். "இனி எல்லாம் சுலபம்" என்று ஓர் ஆள் திரையில் படம் போட்டுக் காட்டி, உங்கள் செலவில் வடையும் காப்பியும் சாப்பிட்டுவிட்டுப் போயிருப்பார். மறுநாளிலிருந்து நீங்கள் அதே வேலையை இரண்டு தடவை செய்திருப்பீர்கள். மனசுக்குள் அந்த ஆளைத் திட்டியும் இருப்பீர்கள். அந்த ஆள் நான்தான். பல்லாவரத்தில் தொடங்கி தாம்பரம், பெருங்களத்தூர், பெரும்பாக்கம் என்று இந்தப் பக்கத்துச் சுகாதார நிலையங்களை நோட்டிலிருந்து கம்ப்யூட்டருக்கு மாற்றுவது என் வேலை. உத்தரவில் என் பதவியின் பெயர் ஒன்றரை வரி நீளம் இருக்கும். நிலையங்களில் எல்லாரும் 'கம்ப்யூட்டர் மேடம்' என்பார்கள், நான் போன பிறகு வேறு ஏதாவது சொல்வார்களாக இருக்கும். கீழே வருவது எந்த நிலையத்தில் நடந்தது என்று மட்டும் கேட்காதீர்கள். நாளைக்கும் நான் அங்கே போய் டீ குடிக்க வேண்டும்.

இரண்டு பஸ் மாறிப் போகும் மாத்திரை

தனலட்சுமி அக்காவை நான் முதலில் பார்த்தது பெரும்பாக்கம் பக்கத்து நிலையம் ஒன்றில். ஐம்பது வயது இருக்கும். ஓ.எம்.ஆர். ரோட்டுப் பக்கம் ஒரு கம்பெனியில் ஹவுஸ்கீப்பிங் வேலை. நகரத்துக்குள் ஆற்றோரம் இருந்த அவர்கள் வரிசை வீடுகளையெல்லாம் எடுத்துவிட்டு, பெரும்பாக்கம் குடியிருப்பில் வீடு கொடுத்திருந்தார்கள்; அக்காவுக்கு எட்டாவது மாடி. ஆள் இங்கே வந்துவிட்டார், பெயர் வரவில்லை. அவருடைய பிரஷர் மாத்திரைக்கான பதிவு பழைய இடத்து நிலையத்திலேயே இருந்தது. மாதாமாதம் இரண்டு பஸ் மாறி அங்கே போனால்தான் முப்பது நாள் மாத்திரை கிடைக்கும். இங்கே கேட்டால், பதிவு இல்லாதவர் என்று ஐந்து நாளைக்குத்தான் தருவார்கள். ஐந்து நாளைக்கு ஒருமுறை எந்த கம்பெனி லீவு கொடுக்கும்? அதனால் அக்கா தானே ஒரு வழி கண்டுபிடித்திருந்தார். மாத்திரையை இரண்டாக உடைத்து இன்றைக்குப் பாதி, நாளைக்குப் பாதி. ஒரு மாதத்து மாத்திரை இரண்டு மாதத்துக்கு வந்தது.

அங்கிருந்த டாக்டரம்மா என் அண்ணன் மகள் வயசுப் பெண். கோபம் வந்தால் ஹெட்மிஸ்ட்ரஸ். பிரஷர் பார்த்த கையோடு என்னைக் கூப்பிட்டார். "மேடம், இது இப்படியே இருந்தா இவங்களுக்கு எப்ப வேணா ஸ்ட்ரோக் வரலாம். உங்க கம்ப்யூட்டரால இவங்க பேரை இங்க கொண்டுவர முடியுமா, முடியாதா?" என்றார். எனக்கு ரோஷம் வந்துவிட்டது. அதற்காகத்தானே அந்த கம்ப்யூட்டரையே கொண்டுவந்து வைத்தேன். "அடுத்த மாசத்திலேர்ந்து நீங்க இங்கேயே வாங்கிக்கலாம்க்கா, என் பொறுப்பு" என்று தனலட்சுமி அக்காவிடம் வாக்குக் கொடுத்தேன். அவர் என்னை மேலிருந்து கீழாக ஒரு தடவை பார்த்தார்.

"இன்னா மேடம், நீயும் அடுத்த மாசம்னுதான் சொல்ற. எங்க லிப்ட்டுகூட ஒரு வருசமா அடுத்த மாசம்தான் சரியாவுதுன்னு சொல்லிகினு கீறாங்கோ."

மத்தியானம் வரும் நோயாளிகள்

அந்த நிலையத்தில் பதிவு மேஜை வசந்தா சிஸ்டர் கையில். கெட்டிக்காரர், கை வேகம் அதிகம், நோட்டில் மட்டும். காலையில் வருகிற அத்தனை பேரையும் நோட்டில் எழுதி அனுப்பிவிட்டு, சாப்பாடு முடிந்ததும் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து ஒரே மூச்சில் ஏற்றிவிடுவார். எனக்கு இது தெரியாது. தெரிந்தது எப்படி என்றால், தாம்பரத்தில் நடந்த ஆய்வுக் கூட்டத்தில் பெரிய அதிகாரி ஒருவர் திரையில் ஒரு வரைபடத்தைக் காட்டினார். அதன்படி அந்த நிலையத்துக்குக் காலை முழுவதும் ஓர் ஈ காக்கா வருவதில்லை. மத்தியானம் இரண்டே காலுக்குத் திபுதிபுவென்று மொத்த ஜனமும் உள்ளே நுழைகிறது. "அப்ப டாக்டரைக் காலையில வேற இடத்துக்கு அனுப்பிடலாமே" என்றார். டாக்டரம்மா காலையில் இல்லையென்றால் வேலைக்குப் போகிறவர்கள் யாரும் மருந்தே வாங்க முடியாது, தனலட்சுமி அக்கா உட்பட.

நேராகப் போய் வசந்தா சிஸ்டரிடம் கத்தினேன். நான் கத்தி முடிக்கும்வரை பொறுமையாகக் கேட்டார். பிறகு எழுந்து என்னை அவர் நாற்காலியில் உட்கார வைத்தார். ஒரு மணி நேரம் வரிசையை நானே பதிவு செய்தேன். ஒவ்வொருவருக்கும் ஐந்து பக்கம் திறந்தது. என் முன்னால் இருந்த குழந்தை ஜுரத்தில் அழுதது, அதன் அம்மா என்னை முறைத்தாள், வரிசை வாசலைத் தாண்டிப் போயிற்று. அன்று சாயங்காலமே ஐந்து பக்கத்தை ஒரே பக்கமாகக் குறைக்கச் சொல்லி எழுதினேன். வரும்வரை விடாமல் தினமும் எழுதினேன், வந்தும் விட்டது; சிஸ்டர் காலையிலேயே ஏற்ற ஆரம்பித்ததும் டாக்டரம்மாவை மாற்றும் பேச்சும் நின்றது. நான் நாற்காலியிலிருந்து எழுந்தபோது சிஸ்டர் சொன்னது இது:

"பேஷண்ட் எல்லாம் காலைலதான் வராங்க மேடம். உங்க கம்ப்யூட்டருக்குத்தான் மத்தியானம் வராங்க."

சிவப்பு நட்சத்திரம்

ஒரே பக்கம் வந்த அன்றைக்கு, தனலட்சுமி அக்காவைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு அவர் பதிவை இங்கே மாற்ற முயன்றேன். ஆதார் எண்ணைத் தட்டினேன். பெயர் வந்தது, வயசு வந்தது, பழைய நிலையம் வந்தது. 'இடம் மாற்று' என்பதை அமுக்கினேன். 'பதிவு செய்த கைபேசிக்கு ஓ.டி.பி. அனுப்பப்பட்டது' என்றது. அக்காவின் போன் வாயைத் திறக்கவில்லை. "இது உங்க நம்பர் இல்லியாக்கா?" என்று கேட்டேன். அக்கா எட்டிப் பார்த்துவிட்டு, "அது ஏழுமல அண்ணன் நம்பராச்சே" என்றார். ஏழுமலை என்பவர் ஆற்றோரத்தில் டீக்கடை வைத்திருந்தவர். அந்தக் காலத்தில் அந்த வரிசையில் ஒரே நம்பரை மாற்றாமல் வைத்திருந்த மனிதர் அவர் ஒருவர்தான். யாருக்கு எந்தத் தகவல் வந்தாலும் கடையிலிருந்து குரல் கொடுப்பார். ஆகவே பழைய நிலையத்தில் நம்பர் கேட்டபோது நாற்பது பேர் அவர் நம்பரையே கொடுத்திருக்கிறார்கள்.

ஏன் கொடுத்தார்கள் என்று நான் யாரையும் திட்ட முடியாது. கைபேசி எண் என்ற கட்டத்துக்குப் பக்கத்தில் ஒரு சிவப்பு நட்சத்திரம் இருக்கும். அதை நிரப்பாமல் அடுத்த இடத்துக்கு நகர முடியாது. அந்த நட்சத்திரத்தைப் போட வேண்டும் என்று முடிவு செய்த கமிட்டியில் நானும் உட்கார்ந்திருந்தேன். 'இந்தக் காலத்தில் போன் இல்லாதவர் யார்?' என்று கேட்ட புத்திசாலியும் நான்தான். புதிதாகப் பதியலாம் என்றால், இந்த ஆதார் ஏற்கெனவே இருக்கிறது என்று கம்ப்யூட்டர் மறுத்தது. நம்பரை மாற்றித் தரும்படி தலைமை உதவி மையத்துக்கு எழுதினேன். மூன்றாம் நாள் பதில் வந்தது.

"பதிவு செய்யப்பட்ட கைபேசிக்கு வரும் ஓ.டி.பி.யை உள்ளிட்டு, கைபேசி எண்ணைத் தாங்களே மாற்றிக்கொள்ளலாம்."

ஏழுமலைக்கு ஒரு போன்

சரி, அவரிடமே கேட்டுவிடலாம் என்று போன் செய்தேன். நான் கொஞ்சம் அதிகாரமாகப் பேசுகிறவள் என்று வீட்டில் சொல்வார்கள். அன்றைக்கு ரொம்பப் பணிவாகப் பேசினேன். அதுதான் தப்பாகப் போயிற்று. "வணக்கம் சார், சுகாதாரத் துறையிலேர்ந்து பேசறேன். இப்ப உங்க போனுக்கு ஒரு நம்பர் வரும், அதை மட்டும் கொஞ்சம் சொல்றீங்களா?" என்றேன். மறுமுனையில் சந்தை இரைச்சலுக்கு நடுவே, "யாரும்மா நீ?" என்றார்.

தனலட்சுமி அக்காவின் பெயரைச் சொன்னேன், பிரஷர் மாத்திரை என்றேன், டீக்கடை என்றேன். சொல்லச் சொல்ல அவருக்குச் சந்தேகம் வளர்ந்ததே தவிரக் குறையவில்லை. ஓ.டி.பி.யை யாரிடமும் சொல்லாதீர்கள் என்று ஊர் முழுக்கச் சொல்லிக்கொடுத்ததும் எங்களைப் போன்றவர்கள்தானே. போனை வைப்பதற்கு முன் அவர் சொன்னார்:

"போன வாரம் பேங்க்லேர்ந்து பேசறேன்னு ஒருத்தன் பேசினான். அவனாவது உன்னவிட இன்னும் கொஞ்சம் நல்லா பேசினாம்மா."

பல்லாவரம் சந்தையில் மூன்று தடவை

ஏழுமலை வெள்ளிக்கிழமைகளில் பல்லாவரம் சந்தையில் கடை போடுகிறார் என்று தனலட்சுமி அக்கா விசாரித்துச் சொன்னார். அக்கா கம்பெனியில் மிச்சமிருந்த கடைசி லீவைப் போட்டார், நான் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டேன். பழைய கட்டில், மீன் தொட்டி, புறாக் கூண்டு, யாரோ கழற்றிய ஜன்னல் எல்லாம் தாண்டிப் போனால், டி.வி. ரிமோட்டுகளை மலையாகக் குவித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார் மனிதர். அக்காவைக் கண்டதும் எழுந்தே விட்டார். என்னைக் கண்டு மறுபடி உட்கார்ந்தார். "நீதான் அந்த ஓ.டி.பி.யா?" என்றார்.

ஒரு ரிமோட் பெட்டியைக் கவிழ்த்து, அதன் மேல் லேப்டாப்பை வைத்து, 'இடம் மாற்று' என்பதை அமுக்கினேன். மூன்று நிமிஷத்துக்குள் எண்ணைப் போட வேண்டும். மூன்று தடவை தவறினால் அந்தப் பதிவு பூட்டிக்கொள்ளும். திறக்க மறுபடி உதவி மையம். முதல் தடவை ஒன்றும் வரவில்லை. இரண்டாவது தடவையும் வரவில்லை. போனை வாங்கிப் பார்த்தேன். பட்டன் போன், மெசேஜ் பெட்டி நிரம்பி வழிந்தது. தனலட்சுமி, பேபி, முருகேசன், நாற்பது பேருக்கும் 'மாத்திரை வாங்கும் நாள்' என்று இரண்டு வருஷத்து மெசேஜ். "ஏங்க அழிக்கல?" என்று கேட்டேன். "ஆஸ்பத்திரி மெசேஜு, நா பாட்டுக்கு அழிச்சி யாருக்கானா இன்னானா ஆயிட்ச்சின்னா?" என்றார். நாங்கள் கவனிக்காத நாற்பது பேரை அந்த மனிதர் தம் சட்டைப் பையில் பத்திரமாக வைத்திருந்திருக்கிறார். பழைய மெசேஜ்களை ஒவ்வொன்றாக அழித்து இடம் பண்ணினோம். மூன்றாவது தடவை அமுக்கியபோது அக்கா என் முழங்கையைப் பிடித்துக்கொண்டார். எண் வந்தது. ஏழுமலை உரக்கப் படித்தார், நான் தட்டினேன், திரையில் பச்சை டிக் விழுந்தது. அன்றைக்கே மற்றவர்களையும் விசாரித்து ஆகவேண்டியதைச் செய்திருக்கலாம். எனக்கு என் வாக்கைக் காப்பாற்றுகிற அவசரம், மூட்டை கட்டிவிட்டேன். கிளம்பும்போது ஏழுமலை சொன்னார்:

"எனக்கு ஒரு நோவும் இல்ல மேடம். ஆனா மாசத்துக்கு நாப்பது தபா பிரஷர் மாத்திர வாங்க வா, வான்னு மெசேஜி வந்துகினே இருந்தா பயமா இருக்காது? போயி டெஸ்ட் பண்ணா, நெசமாவே கீது!"

கண்ணுக்குத் தெரியும், கம்ப்யூட்டருக்குத் தெரியாது

பதிவு வந்துவிட்டது, இனி மாத்திரைதானே என்று நினைத்தேன். அடுத்த தடை மருந்துக் கவுண்டரில் இருந்தது. மருந்தாளுநர் குமரேசன் திரையைப் பார்த்துவிட்டு, "ஸ்டாக் இல்லை" என்றார். அவர் முதுகுக்குப் பின்னால் அதே மாத்திரை அட்டைப் பெட்டி அட்டைப் பெட்டியாக அடுக்கியிருந்தது. "அது என்ன சார்?" என்று கேட்டேன். "அது மாத்திரை. ஆனா கம்ப்யூட்டர்ல இன்னும் வரலை" என்றார். எனக்கு வந்த கோபத்துக்குக் கவுண்டர் கம்பி வளைந்திருக்க வேண்டும். வாசலில் தனலட்சுமி அக்கா டியூட்டிக்கு நேரமாகிறது என்று கைப்பையைக் கையில் மாற்றி மாற்றிப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்.

குமரேசன் பக்கத்து நியாயம் பிறகுதான் தெரிந்தது. ஒரு நாள் அவர் சரக்கை ஏற்றிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போய், வந்ததும் மறுபடி ஏற்ற, ஒன்று இரண்டாகப் பதிவாகிவிட்டது. தணிக்கையில் பாதி மாத்திரை எங்கே என்று மெமோ. இல்லாத மாத்திரைக்கு அந்த மனிதர் நாலு மாதம் விளக்கம் எழுதியிருக்கிறார். அன்றிலிருந்து கம்ப்யூட்டரில் கை வைக்கவே பயம். "நான் பக்கத்துல உட்கார்றேன், ரெண்டு பேரும் எண்ணுவோம், நான் கையெழுத்துப் போடறேன். மெமோ வந்தா எனக்கு வரட்டும்" என்றேன். முதலில் அக்காவுக்கான பெட்டியைப் பிரித்து ஏற்றினோம், முப்பது நாள் மாத்திரை அவர் கைக்குப் போயிற்று. பிறகு சாயங்காலம்வரை தரையில் உட்கார்ந்து மீதி எல்லாவற்றையும் எண்ணினோம். எழுந்தபோது முட்டி இரண்டும் என்னுடையதாக இல்லை. குமரேசன் வேட்டி மடிப்பைத் தட்டிக்கொண்டு, யாரையும் குறை சொல்லாத குரலில் சொன்னார்:

"மாத்திரை குறைஞ்சா எனக்கு மெமோ வரும் மேடம். பேஷண்ட் குறைஞ்சா யாருக்கும் மெமோ வராது."

பச்சை டிக்

அடுத்த மாதமும் தனலட்சுமி அக்கா வந்தார். பத்தே நிமிஷத்தில் மாத்திரையோடு வேலைக்குப் போனார். நான் ஆய்வுக் கூட்டத்தில் அவர் கதையைப் படம் போட்டுச் சொல்லி, கைத்தட்டல்கூட வாங்கினேன். அந்தப் பெருமை சரியாக ஒரு மாதம் தாங்கியது. மூன்றாவது மாதம் டாக்டரம்மா மறுபடி என்னைக் கூப்பிட்டார். பிரஷர் ஒரு புள்ளிகூட இறங்கவில்லை. திரையிலோ மாதாமாதம் 'மருந்து வழங்கப்பட்டது' என்று பச்சை டிக். "முழுசாச் சாப்பிட்டும் குறையலைன்னா டோஸை ஏத்த வேண்டியதுதான்" என்று டாக்டரம்மா மவுஸில் கை வைத்தார். வைத்தவர், என்ன தோன்றியதோ, கையை எடுத்துவிட்டு அக்கா பக்கம் திரும்பினார். "தினம் எத்தனை மாத்திரை போடறீங்கக்கா?"

அக்கா என்னைப் பார்த்தார். தரையைப் பார்த்தார். "பாதி" என்றார். மீதிப் பாதி எங்கே என்று கேட்டதற்கு, எதிர் வீட்டுப் பேபிக்கு என்றார். பேபிக்கும் பிரஷர். ஏழுமலையின் நம்பரில் இருக்கும் நாற்பது பேரில் அவரும் ஒருவர். பேபி வீட்டு வேலைக்குப் போகிறவர், மாதாமாதம் பழைய இடத்துக்குப் போக முடியாமல் மாத்திரையையே விட்டிருந்தார். டாக்டரம்மா, "ஒருத்தர் மாத்திரையை இன்னொருத்தர் சாப்பிடலாமா? ரெண்டு பேருக்கும் ஆபத்துக்கா" என்று அதட்டினார். கைத்தட்டல் வாங்கின கை மடியில் கிடந்தது. எனக்கு வெட்கமாக இருந்தது. அக்கா தலை நிமிராமல் சொன்னார்:

"எனக்குக் கெடச்சிட்ச்சி, எதுத்த வூட்டுல அவளுக்குக் கெடைக்கல. நா மட்டும் முழு மாத்திர முழுங்கிகினு, காத்தால கதவத் தொறந்தா அவ மூஞ்சிய எப்டி மேடம் பாக்கறது?"

ஞாயிற்றுக்கிழமை, ப்ளாக் வாசலில்

அதற்கு மேல் நான் யாருக்கும் கடிதம் எழுதிக் காத்திருக்கவில்லை. அந்த வாரக் கமிட்டிக் கூட்டத்தில் சிவப்பு நட்சத்திரத்தை எடுக்கச் சொன்னேன். போட்டதே நீங்கள்தானே என்றார்கள். "ஆமாம், தப்புப் பண்ணினேன், எடுங்க" என்றேன். மூன்று கூட்டம் இதையே சொன்னேன். எனக்கு வெட்கமில்லை என்று தெரிந்ததும் எடுத்துவிட்டார்கள். வெள்ளிக்கிழமை பல்லாவரம் போய் ஏழுமலையை அழைத்தேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் அவர் சலவைச் சட்டையும் சார்ஜருமாக வந்து இறங்கினார். தனலட்சுமி அக்காவின் அடுக்குமாடி ப்ளாக் வாசலில் மேஜை போட்டோம். வசந்தா சிஸ்டர் நோட்டு இல்லாமல் வந்தார், அதற்கே அவருக்கு மாலை போட்டிருக்கலாம். குமரேசன், கூப்பிடாமலே, மருந்துப் பெட்டியோடு வந்தார். டாக்டரம்மா தன் போனிலிருந்து நெட் கொடுத்தார்.

ஏழுமலை ஒவ்வொரு எண்ணாகப் படிக்க, நான் தட்ட, பெயர்கள் ஒன்றொன்றாக இந்தப் பக்கம் வந்தன. "இப்ப உங்க நம்பரைச் சொல்லுங்க" என்று கேட்டதும், முதல் ஆள் கொஞ்சமும் யோசிக்காமல் தனலட்சுமி அக்காவின் நம்பரைச் சொன்னார். அடுத்தவரும் அதையே சொன்னார். அக்கா இடுப்பில் கை வைத்துக்கொண்டு, "அவனவன் நம்பர அவனவன் சொல்லுங்கய்யா, இல்லாதவன் இல்லன்னு சொல்லு, நட்சத்திரத்த எடுத்தாச்சாம்!" என்று போட்ட சத்தத்தில் வரிசை நேரானது. பேபியின் பெயர் வந்தபோது அக்கா என் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்று, பச்சை விழும்வரை அசையவில்லை.

முன்பே வந்துவிட்ட தனலட்சுமி அக்காவோடு சேர்த்து முப்பத்தெட்டுப் பேர் முடிந்தார்கள். ஒருவர் ஊருக்குப் போயிருந்தார். மீதி ஒருவர் முருகேசன். பெயரை நான் உரக்கக் கூப்பிட்டதும் வரிசையிலிருந்த ஒருவர் விஷயத்தைச் சொன்னார். போன மழைக்காலத்தில் ஒரு காலை, குளிக்கப் போன இடத்தில் விழுந்தவர் எழவில்லையாம், ஸ்ட்ரோக். மாத்திரை நின்று நாலு மாதம் ஆகியிருந்ததாம். எங்கள் கம்ப்யூட்டர் அதற்குப் பிறகும் மாதாமாதம் அவரை மாத்திரை வாங்க வரச் சொல்லிக்கொண்டிருந்தது. அவர் பெயருக்கு எதிரே 'காலமானார்' என்று நானே தட்டினேன். அதற்கு ஓ.டி.பி. கேட்கவில்லை. ஏழுமலை தம் போனில் இருந்த முருகேசனின் மெசேஜ்களை மட்டும் அழிக்காமல் போனை மூடிப் பையில் வைத்துக்கொண்டு, என்னிடம் கேட்டார்:

"இன்னும் எத்தினி பேரு இந்த மாரி வேற யாரு போன்லயோ மாட்டிகினு கீறாங்க மேடம்?"

ஒரு மாதம் கழித்து

அந்தக் கேள்விக்குப் பதிலைத்தான் நான் தேட ஆரம்பித்தேன். ஒரே நம்பரில் ஐந்து பேருக்கு மேல் இருந்தால் பட்டியல் போட்டுத் தரும்படி செய்திருக்கிறேன். பட்டியல் நீளம்தான். சாவி கடை, இஸ்திரி வண்டி, ஒரு சர்ச் வாட்ச்மேன் என்று ஒவ்வொரு நம்பராகப் போய்ப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். முடியும்வரை விடுவதாக இல்லை. இப்போதெல்லாம் கூட்டங்களில் நான் படம் போடுவதில்லை, பட்டியலைத்தான் படிக்கிறேன். கைத்தட்டல் வருவதில்லை, அதனால் ஒன்றும் குறைந்துவிடவில்லை.

போன வாரம் தனலட்சுமி அக்காவும் பேபியும் சேர்ந்தே வந்தார்கள். டாக்டரம்மா இரண்டு பேருக்கும் பிரஷர் பார்த்தார். அக்காவுக்கு மறுபடி ஒரு தடவை பார்த்தார், தப்பாக இருக்குமோ என்று. சரியாகத்தான் இருந்தது. இறங்கியிருந்தது. டாக்டரம்மாவுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை, எனக்குக் கண்ணை. "மாத்திரையை இப்ப யாருக்கும் கொடுக்கறதில்லையே?" என்று டாக்டரம்மா குரலைக் கடுமையாக்கிக்கொண்டு கேட்டார். குமரேசனிடம் வாங்கின இரண்டு பேருடைய மாத்திரையையும் தனித்தனிப் பையில் போட்டு, ஒன்றைப் பேபியின் கையில் திணித்துவிட்டு, தனலட்சுமி அக்கா சொன்னார்:

"அய்ய, அதெல்லாம் வுட்டாச்சி டாக்டரம்மா. இப்பல்லாம் எங்க ப்ளாக்குல உப்பும் ஊறுகாயும் மட்டுந்தான் கைமாத்து."

இத்தனை நாள் பட்டதில் எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான்: கம்ப்யூட்டருக்கு எல்லாம் தெரியும், யாராவது நேரில் போய்க் கேட்டுக்கொண்டு வந்து அதனிடம் சொன்னால்.